காதில் விழாத எழுத்து

பரீட்சைக்குப் போன இளையவள் உலை கொதிக்குமுன்பே திரும்பி வந்துவிட்டாள். முடியச் சாயங்காலம் ஆகும், வேனை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போங்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனவள், வெயிலில் தனியாக நடந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பையை ஆணியில் மாட்டினாள். முக்காட்டைக்கூட அவிழ்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அடுப்படியில் மூத்தவள் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் தறிக்கு லீவு போட்டிருந்தாள். ஓரகத்தி பாஸாகி வரும்போது வீட்டில் சூடாகச் சோறு இருக்க வேண்டும் என்று பத்து முட்டை வாங்கி வைத்திருந்தாள்.

“என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

இளையவள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உன்னத்தான் கேக்கறேன்.”

இளையவளுக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள். “இருபது கேள்வி கேக்கணும். ஏழோட நிறுத்திட்டாங்க. போதும்மா, எந்திரின்னுட்டாங்க.”

“ஏன்? எங்கயாச்சும் மறந்துருச்சா?”

“மறக்கல. ஒரு எடத்துலயும் நிக்கல. மழ மாதிரி ஓதினேன். எழுத்துத் தப்பு. ஏழு கேள்வியில பதினோரு தப்பு.”

மூத்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். “உன் ஓதல்ல எழுத்துத் தப்பா? நேத்து இதே எடத்துல முழு ஜுஸ்வு ஓதின. நான் ஒண்ணுகூடச் சொல்லலியே.”

“அதத்தான் பரீட்சை வெச்ச ஆலிமாவும் கேட்டாங்க. தினம் உனக்கு யாரும்மா கேக்கறா, தூங்கிட்டே கேப்பாங்களான்னு.”

இப்படித்தான் அந்த வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

இரண்டு பேருமே ஹாபிழா. முப்பது ஜுஸ்வாக, முப்பது பாகமாகப் பிரித்த குர்ஆனை முழுசாக மனப்பாடம் செய்தவர்களை அப்படிச் சொல்வார்கள். சிறு பெண்களாக இருந்தபோது வேறுவேறு ஊரில், வேறுவேறு பிரம்புக்குப் பயந்து மனனம் செய்தவர்கள். பிறகு ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டார்கள். அண்ணன் தறி மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். தம்பி நூல் மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். தெருவில் பெரிய ஹாபிழா, சின்ன ஹாபிழா என்றால் யாரும் வழி காட்டுவார்கள்.

மனனம் செய்வது ஒரு பாடு என்றால் அதைக் காப்பாற்றுவது ஒன்பது பாடு. ஒரு வாரம் விட்டால் போதும், வசனங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரே மாதிரி இரண்டு வசனம் இருக்கும். ஒன்று ‘வ’ என்று தொடங்கும், இன்னொன்று ‘ஃப’ என்று தொடங்கும். கொஞ்சம் அசந்தால் இந்த அத்தியாயத்தில் ஏறி அந்த அத்தியாயத்தில் போய் இறங்கிவிடுவோம். தன் தப்பு தனக்குத் தெரியாது. அதனால் ஒருத்தி ஓத ஒருத்தி கேட்க வேண்டும். இளையவள் வாக்கப்பட்டு வந்த மறுவாரமே இரண்டு பேரும் இதைப் பேசி வைத்துக்கொண்டார்கள். தினமும் விடிகாலைத் தொழுகை முடிந்து, ஷிப்டுக்குக் கிளம்புமுன், அடுப்படியில். ஒருத்தி மாவு பிசைவாள், ஒருத்தி காய் நறுக்குவாள். கை வேலையில் இருக்கும், கண் கையில் இருக்கும், வாய் ஓதும், காது கேட்கும். பதினாலு வருஷம். மகப்பேறு, காய்ச்சல், சாவு வீடு தவிர நின்றதில்லை.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே தறிக்கூடத்தில். இருபத்து நாலு தறி. நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து ஓடும்போது தரையே அதிரும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நூல் சுற்றிய தார்க்குச்சி தீர்ந்தது, இழை அறுந்தது, முதலாளி வருகிறார் எல்லாமே உதட்டில்தான். மூத்தவள் அங்கே சேர்ந்து இருபத்தாறு வருஷம். நின்றபடி நாலு தறியைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு ஓதுவாள். யாருக்கும் கேட்காது, யாருக்கும் தொந்தரவில்லை. “அல்லா குடுத்த தனி ரூமுடி இது” என்பாள்.

இளையவளுக்கு அந்த ரூம் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆறு மாதமாக இருமல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மருந்து நான் குடுக்கறேன், தூசியை நீங்க விடணும். ரெண்டும் சேந்து நடக்காது” என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பெண்கள் மதரஸாவில், மனனம் செய்கிற பிள்ளைகள் ஓதுவதைக் கேட்கிற வேலைக்கு ஆள் தேடினார்கள். அதற்குச் சனது, ஓதல் சான்றிதழ், இருக்க வேண்டும். சனதுக்குப் பரீட்சை எழுத வேண்டியதில்லை, ஓத வேண்டும். அந்தப் பரீட்சையில்தான் இந்தப் பதினோரு தப்பு. இருபத்தைந்து நாள் கழித்து இன்னொரு முறை வரலாம், அதுவரை வேலையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று ஆலிமா சொல்லி அனுப்பியிருந்தார்.

தப்புகளை ஒரு தாளில் குறித்தும் கொடுத்திருந்தார். நாக்கு நுனியை மேல்வரிசைப் பல்லுக்கு வெளியே லேசாக நீட்டி, காற்றுக் கசியச் சொல்ல வேண்டிய எழுத்து ‘ஃதே’. அதை இளையவள் பல்லுக்குள்ளேயே முடித்து ‘ஸீன்’ ஆக்கிவிடுகிறாள். ‘ஃதும்ம’ என்று வர வேண்டியது ‘ஸும்ம’ என்று வருகிறது. அந்த ஒரு சொல்லே நூற்றுக்கணக்கான இடத்தில் வரும். அப்புறம் ‘வ’ வரும் இடத்தில் ‘ஃப’, ‘ஃப’ வரும் இடத்தில் ‘வ’.

இளையவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு அந்த முட்டையை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். இளையவள் ஓதினாள். மூத்தவள் தலை குனிந்து மாவு பிசைந்துகொண்டு கேட்டாள். ஒரு பக்கம் முடிவதற்குள் இளையவள் மூன்று இடத்தில் வேண்டுமென்றே தப்பாக ஓதினாள். ‘ஃதே’யை ‘ஸீன்’ ஆக்கினாள். ‘ஃப’வை முழுங்கினாள். குர்ஆனைத் தெரிந்தே தப்பாக ஓதுகிறோமே என்று பயந்தாள். ஆனாலும் ஓதினாள்.

மூத்தவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், “மாஷா அல்லா, இதுல என்ன குத்தம் கண்டாங்களாம்?” என்றாள்.

இளையவள் எழுந்தாள்.

“வேணும்னேதானே விடற?”

“எத விடறேன்?”

“மூணு தப்பு ஓதினேன் இப்ப. தெரிஞ்சே ஓதினேன். நீ தலையாட்டற. முப்பது வருஷ ஹாபிழா உனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாம ஒரு புள்ளி நழுவுமா?”

“நீ சரியாத்தாண்டி ஓதின. என் காதால கேட்டேன்.”

“பொய் சொல்லாதக்கா. ஓதற எடத்துல உக்காந்து பொய் சொல்லாத.”

“நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

“நான் அங்க விசிறிக்கடியில உக்காந்து புள்ளைங்க ஓதறத கேட்டுட்டிருப்பேன். நீ இங்க தறியில நிக்கணும். அது உன்னால தாங்க முடியல. அதான்.”

சொன்ன பிறகு வார்த்தையை அள்ளவா முடியும். மூத்தவள் மாவுக் கையோடு எழுந்து போய் முற்றத்துக் குழாயில் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து, “இனிமே நீ வேற ஆளப் பாத்துக்க” என்றாள்.

அன்று மாலைக்குள் அடுப்பு இரண்டாகிவிட்டது. வேன்காரர் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்து மூலையில் வைத்தார். பிட்டர் அதைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம், “என்னடா இது?” என்றார். முப்பது வருஷம் மெஷினோடு வாழ்ந்த மனுஷன். அவருக்குக் காது எப்போதோ பாதி போய்விட்டது. அவர் ரகசியம் பேசினால் நாலாவது வீட்டுக்குத் தெரியும்.

“கத்தாதண்ணே. ரெண்டு நாளைக்குத்தான். தானாச் சரியாயிடும்.”

“எது சரியாயிடும்?”

“மெதுவாப் பேசுண்ணே.”

“மெதுவாத்தானடா பேசறேன்!”

வேறு நாளாக இருந்தால் பெண்கள் இரண்டு பேரும் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். அன்றைக்கு இரண்டு மூலையிலும் பாத்திரச் சத்தம்தான் கேட்டது.

எட்டு நாள் அப்படிப் போனது. தறிக்கூடத்தில் எதிரெதிர்த் தறி. இழை அறுந்தால்கூட ஒருத்திக்கு ஒருத்தி காட்டவில்லை. இளையவள் இருமிக் குனிவதை மூத்தவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள், பார்த்ததும் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் ஒரு சொல் மூத்தவளைக் குடைந்துகொண்டே இருந்தது. ‘மூணு தப்பு ஓதினேன்.’ அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும், நாக்கும் நீளம். குர்ஆன் விஷயத்தில் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால்?

ஒன்பதாம் நாள் ஷிப்டு முடிந்து வந்ததும், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பிட்டரின் போனை எடுத்துக்கொண்டாள். பதிவு செய்கிற பொத்தானை அவரிடமே முன்பு கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, “ஃதும்ம” என்றாள். பிறகு வேண்டுமென்றே “ஸும்ம” என்றாள். பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொன்னாள். பின்பு போட்டுக் கேட்டாள்.

இருபதும் ஒன்றாக இருந்தது. ‘உம்ம, உம்ம’ என்று, முன்னால் ஒட்டியிருக்க வேண்டிய எழுத்தைக் கத்தரித்துவிட்ட மாதிரி.

போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் போன் ரிப்பேர் செய்கிறவரிடம் போனாள்.

“தம்பி, இதுல ஸ்பீக்கர் போயிருச்சு போல. எழுத்தெல்லாம் முழுங்குது.”

அவர் பதிவைப் போட்டுக் கேட்டார். “நல்லாத்தானேம்மா இருக்கு.”

“எல்லாம் ஒண்ணாக் கேக்குதே.”

“இல்லியே. ஒண்ணுல காத்து வருது, ஒண்ணுல விசில் மாதிரி வருது. மாத்தி மாத்திச் சொல்றீங்க.” அவர் இன்னொரு முறை போட்டார். “எனக்கு அரபியெல்லாம் தெரியாதும்மா. ஆனா ரெண்டும் வேற வேறதான். இது எது, ஏதாச்சும் மந்திரமா?”

அவள் போனை வாங்கிக்கொண்டாள். கடைப்படி இரண்டுதான். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது பார்க்கிற பிரிவில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். “சத்தம் கேட்டா அமுக்குங்க. எவ்வளவு சன்னமாக் கேட்டாலும் அமுக்குங்க” என்றாள் அங்கிருந்த பெண்.

முதலில் எல்லாம் கேட்டது. தவளை மாதிரி, வண்டு மாதிரி. அமுக்கினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல் ஏதோ ஒரு குமிழைத் திருப்புவது தெரிந்தது. திருப்பிவிட்டு இவள் முகத்தைப் பார்ப்பதும் தெரிந்தது. இப்போது சத்தம் வருகிறது போலிருக்கிறது என்று புரிந்தது. விரல் அசையும்போது அமுக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? இருபத்தாறு வருஷம் வாயையும் கையையும் பார்த்தே பேசிப் பழகியவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. பொத்தான்மேல் கட்டைவிரல் துடித்தது.

மூத்தவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பொத்தானை அமுக்கவே இல்லை.

டாக்டர் சீட்டில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதிவரை மேலே போய், கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. “தடிச்ச சத்தம் நல்லாக் கேக்குது. சன்னமான சத்தம் போயிருச்சு. காத்து எழுத்து, விசில் எழுத்து எதுவும் உள்ள ஏறாது. என்ன வேலை?”

“தறி.”

“எத்தன வருஷம்?”

“இருபத்தாறு.”

“காதுல பஞ்சு வெக்கலியா?”

“வெச்சா தறி மக்கர் பண்றது தெரியாது சார்.”

“காதுல மெஷின் வெக்கலாம். சத்தம் பெருசாகும். பழையபடி பிரிஞ்சு கேக்குமான்னா, சொல்ல முடியாதும்மா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அடுத்த பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அடுத்தவள் தப்பு கேட்கவில்லை என்றால், தன்னுடையது? எத்தனை வருஷமாகத் தப்பாக ஓதிக்கொண்டு, நன்றாக ஓதுகிறோம் என்று தொழுகையில் நின்றோம்? அவள் வாயைத் திறக்கவே அஞ்சி, வழி நெடுக ஓதாமல் வந்தாள். நினைவு தெரிந்து அப்படி வந்ததே இல்லை.

இளையவள் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் போய் எதிரில் குந்தினாள். சீட்டை நீட்டினாள்.

“என்ன இது?”

“என் காது.”

இளையவள் ஈரக்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கோட்டைப் பார்த்தாள், கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். முகம் மாறியது. ஆனால் இளகவில்லை.

“எத்தன வருஷமா?”

“தெரியல.”

“தெரியலன்னா? நீ தலையாட்டினத நம்பித்தானே நான் ஓதினேன். கல்லு மேல எழுதினதுன்னு இருந்தேனே. எனக்கு எப்பருந்து நழுவ ஆரம்பிச்சுதுன்னு இப்ப யாரக் கேப்பேன்?”

“யாரையும் கேக்க முடியாது. தப்பு என்னுதுதான்.”

“மெஷின் வெப்பாங்களா?”

“வெக்கலாமாம். அது அப்புறம்.” மூத்தவள் குரல் கம்மியது. “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ என்ன திட்டு, பேசாத, அடுப்ப பிரிச்சே வெச்சுக்க. ஆனா என்னோடத ஒரு தரம் கேளு. நான் எப்படி ஓதறேன்னு எனக்கே தெரியல.”

இளையவள் துணிகளை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் போட்டாள். பிறகு உள்ளே போய்க் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, குர்ஆனை எடுத்து வந்து விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஓது.”

மூத்தவள் ஓத ஆரம்பித்தாள். முதல் பக்கம் குரல் தடுமாறியது. இளையவள் விரலை வரியில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து, ஒரு இழுப்பு, ஒரு மூக்கொலி விடாமல் பார்த்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நாலு மாத்திரை நீட்ட வேண்டும், எங்கே ஒரு எழுத்து அடுத்ததில் கரைய வேண்டும், எல்லாவற்றையும். ‘ஃதே’ வரும் இடத்துக்கு முன்னால் அவள் கண் வரியை விட்டு எழுந்து மூத்தவளின் வாய்க்குப் போகும். பத்துப் பக்கம் ஆனது. வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. அரை ஜுஸ்வு முடிந்தபோது இளையவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எத்தன?” என்றாள் மூத்தவள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஒண்ணுகூட இல்ல.”

“பாவம் பாத்துச் சொல்லாத.”

“பாவமா? ஒரு தப்பாச்சும் கெடைக்காதான்னு தேடினேன்க்கா. இருக்கிற கோவத்துக்கு, கெடச்சிருந்தா விட்டிருப்பேனா?”

மூத்தவள் முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இளையவள் அவளை அழவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா எப்படிக்கா? காதுல விழாம எப்படி நழுவாம இருக்கு?” என்றாள்.

“தறியில எனக்கு என் சத்தம் எப்பக் கேட்டுச்சு? ஒரு நாளும் கேக்கல. நாக்கு எங்க தொடுது, காத்து எங்க உரசுதுன்னு அத வெச்சுத்தான் ஓதுவேன். வாய்க்குள்ள தடவிப் பாத்து ஓதற மாதிரி.”

“அதான். ஒவ்வொரு ‘ஃதே’க்கும் உன் நாக்கு நுனி வெளிய தெரியுது. எட்டிப் பாக்குது அணில் மாதிரி.” சொல்லிவிட்டு இளையவள் சட்டென்று நிறுத்தினாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ஏண்டி,” என்றாள் மூத்தவள் மெதுவாக, “என்னுது தெரியுதுன்னா, உன்னுதும் எனக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“‘ஃப’ன்னா பல்லு உதட்டுல படும். ‘வ’ன்னா உதடு குவியும். நான்தான் மூஞ்சியப் பாக்காம மாவப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.”

“இந்த ‘ஹ’ ரெண்டு இருக்கே, தொண்டையில வர்றது? அது தெரியாதே.”

“அது தெரியாது. அதுக்குப் பொய் சொல்ல மாட்டேன். வேற காது பாக்கணும்.”

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் மூத்தவள் இன்னும் மூன்று வீட்டுக்குப் போனாள். வாரம் ஒருமுறை அவளிடம் வந்து ஓதிக்காட்டுகிற பெண்களின் வீடுகள் அவை. பிட்டர், “ஏன் இப்படி வீடு வீடாப் போயி மானத்த விக்கற? கம்முனு நிறுத்திட்டாப் போதாதா?” என்று கூவினார். “நான் சரின்னு சொல்லி அனுப்பினது அவங்க வாயில தப்பா ஓடிட்டிருக்கே. அத யாரு போயி நிறுத்தறது?” என்று கேட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முதல் வீட்டுக்காரி, காய்கறி வியாபாரியின் மனைவி, “எங்களுக்கு நீங்க போதும்க்கா, அல்லா ஏத்துப்பான்” என்று தேநீர் கொடுத்தாள். இரண்டாவது வீட்டில் கதவைப் பாதி திறந்து, “ரெண்டு வருஷம் எங்கள வெச்சு விளையாடினீங்களா?” என்று கேட்டு மூடிவிட்டார்கள். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மா. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்களுக்கு எந்த எழுத்து கேக்காது?” என்றாள். மூத்தவள் சொன்னதும் அந்தம்மா கேட்டாள்: “எனக்குப் பூனை நடந்தாக் கேக்கும். அந்தத் தொண்டை எழுத்து ரெண்டுக்கும் நான் வந்து உக்காரட்டுமா?”

பதினாலு நாள் இருந்தது. ஸ்டவ் கூடத்து மூலையிலேயே கிடந்தது. ஆனால் காலையில் இரண்டு பேரும் அடுப்படியில் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். கிழங்கு, மாவு எல்லாம் பிறகு. ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுத் தடவை மூத்தவள் விரலால் தன் முன்பல்லைத் தட்டிக் காட்டினாள். இளையவளுக்கு எரிச்சல் வரும். “வேகத்தக் கொறடி” என்பாள் மூத்தவள். “மழ மாதிரி ஓதாத. மழையில எழுத்து கரஞ்சிரும்.” மாலையில் பள்ளிக்கூட அம்மா துடைப்பக்கட்டை வாசத்தோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு தொண்டை எழுத்துகளுக்கு மட்டும் காவல் உட்கார்ந்தாள்.

பகலில் தறிக்கூடம். நாலு நாலு தறியாக எட்டுத் தறி அவர்களுக்கு நடுவில். நாடா பறக்கிறது, பஞ்சு பறக்கிறது, தரை அதிர்கிறது. இளையவள் தார்க்குச்சி மாற்றிக்கொண்டே வாய்விட்டு ஓதினாள். எதிரில் மூத்தவள் அறுந்த இழையை முடிந்துகொண்டே அவள் உதட்டைப் பார்த்தாள். தப்பு வந்தால் முன்பல்லைத் தட்டினாள். ஓதியவளுக்கும் கேட்காத, கேட்டவளுக்கும் கேட்காத ஓதல். மேஸ்திரி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் சண்டைதான் நடக்கிறது போல என்று போய்விட்டார்.

இருபத்தைந்தாம் நாள் மூத்தவளும் கூடப் போனாள். உள்ளே விடவில்லை. தாழ்வாரத்தில் பெஞ்சு. கதவு பாதி திறந்திருந்தது. ஆலிமாவின் முதுகும், அதற்கு அப்பால் இளையவளின் முகமும் தெரிந்தன. ஒரு எழுத்தும் இவள் காதுக்கு வரவில்லை. உதட்டைப் பிடித்துக்கொண்டே போனாள். ஏழாவது கேள்வி தாண்டியது. பன்னிரண்டு. பதினாறு. பதினேழாவதில் இளையவள் நின்றாள்.

மூத்தவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். அது என்ன இடம் என்று அவளுக்குத் தெரியும். ‘வ’வா, ‘ஃப’வா என்று பிரிகிற இடம். இளையவளின் கண் ஒரு கணம் கதவுப் பக்கம் வந்தது. உதட்டைக் குவித்துக் காட்டினால் போதும். மூத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தப்பாகப் போய்விடுமோ என்ற பயத்தைவிட, காட்டிவிடுவோமோ என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

மறுபடி திரும்பிப் பார்த்தபோது இளையவள் ஓதிக்கொண்டிருந்தாள். எதை எடுத்தாள் என்று தெரியவில்லை.

மதியம் தாண்டி வெளியே வந்தாள். வியர்வையில் முக்காடு நனைந்திருந்தது.

“ரெண்டு தப்பு. பாஸு.”

“அந்த எடத்துல எது ஓதின?”

“‘வ’.”

“அல்ஹம்துலில்லா” என்று மூத்தவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு தப்பு எங்க?”

“தொண்டையில. அந்தம்மாகிட்ட சொல்லணும், பூனை ரெண்டு தப்பிச்சிருச்சுன்னு.” சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு சொன்னாள்: “யாரு கேட்டாங்கன்னு இந்தத் தடவையும் கேட்டாங்க. எங்கக்காதான், பாதி எழுத்து அவங்களுக்குக் கேக்காது, பாத்துக் கேட்டாங்கன்னேன். நீ தடுமாறினப்ப திரும்பிப் பாத்தேன், வெளிய சுவரப் பாத்து நின்னது அவங்கதானா, மொதல்ல கதவ மூடலாமான்னு நெனச்சேன், நல்லவேள மூடலன்னாங்க.”

அடுத்த மாதம் இளையவள் தறிக்கூடத்திலிருந்து நின்றாள். இருமல் உடனே போய்விடவில்லை, இறங்கிக்கொண்டு வந்தது. எதிர்த் தறிக்கு வேறு பெண் வந்தாள். மூத்தவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, வைத்த பிறகும் ஓதிக்கொண்டு நின்றாள். காது மெஷின் கேட்டுப் பிட்டர் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்திருக்கிறார். எப்போது வரும் என்று தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. இளையவள் குர்ஆனை விரித்து வைத்திருந்தாள். மூத்தவள் ஓதிக்கொண்டு வந்தாள். எழுத்தெல்லாம் மணி மணியாக இருந்தது. நடுப்பக்கத்தில் ஒரு வசனத்தின் கடைசியில் ஒரு சொல்லை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

பதினாலு வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. எழுத்துத் தப்பு இல்லை அது. மறதி.

இளையவளின் விரல் அந்த வரியிலேயே நின்றது. மூத்தவள் அதற்குள் இரண்டு வசனம் தாண்டிவிட்டாள். காதுதான் போயிற்று, ஓதல் இருக்கிறது என்று எழுந்து நிற்கிற மனுஷி. இன்றைக்கு ஒருநாள் விட்டால் என்ன, களைப்பாக இருக்கும், நாளைக்குத் தானே சரியாக ஓதிவிடுவாள். இளையவள் வாயைத் திறந்தாள், மூடினாள். மூத்தவள் எதையும் கவனிக்காமல், முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டு, நிம்மதியாக ஓதிக்கொண்டே போனாள்.

இளையவள் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள்.

“நில்லுக்கா.”

மூத்தவள் நிறுத்தினாள். “எழுத்தா?”

“இல்ல. ஒரு சொல்லு விட்டுட்ட. மூணு வசனத்துக்கு முன்னாடி.”

மூத்தவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தது போலத்தான் இருந்தது முதலில். பிறகு தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

“மூணு வசனம் போக விட்டுட்டியா?” என்றாள். “இனிமே அங்கயே நிறுத்து.”

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வசனத்தின் முதல் எழுத்திலிருந்து திரும்ப ஓத ஆரம்பித்தாள்.